விறகுத் தொட்டிக்காரர் வீட்டுக் கேஸ்

கவுஸ் பாஷா தராசு முள்ளை நம்புவார். தராசு பிடிக்கிற கையை நம்பமாட்டார். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டி அவருடைய விறகுத் தொட்டி. பின்பக்கமே வீடு. ஊருக்குள் குக்கர் வந்தபோது, "மூடி வச்சு சமைக்கிறவன் எதையோ மறைக்கிறான்" என்று சொன்ன மனிதர்.

எண்பத்து நாலாம் வருஷம், தீபத்துக்கு முந்தின மாதம். தொட்டி வாசலில் சைக்கிளில் ஒருத்தன் வந்தான். இறங்கக்கூட இல்லை, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டான்.

"கவுஸ் பாஷா யாருங்க?"

"நான்தான்."

"உங்க பேருக்கு கேஸ் வந்துடுச்சுங்க. சீக்கிரம் ஆபீசுக்கு வந்து பாருங்க. வரலன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

"போகட்டும்யா! தாராளமா போகட்டும்!"

வந்தவன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான். கட்டை பிளந்துகொண்டிருந்த காசி கோடாலியை இறக்கினான்.

"இன்னா கேஸ், பாய்?"

"உன் வேலையைப் பாருடா."

என்ன கேஸ் என்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தார். போன மாதம் ஒரு லாரிக் கட்டை மலிவாக வந்திருந்தது. எந்தக் காட்டில் வெட்டியது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் அந்த விலை.

வீட்டுக்குள் போனார். அடுப்படிப் புகையில் மனைவி ஹபீபுன்னிசா முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சுக்குக் காத்திருந்தாள். சில வருஷமாகவே அவளுக்கு இழுப்பு. புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதை, "அவனுக்கென்ன, சொல்லிட்டுப் போவான்" என்று தள்ளிவிட்டவர் இவர்.

வீட்டில் உருதுதான் பேச்சு. பெரிய விஷயம் என்றால் மட்டும் இரண்டு பேருக்கும் தமிழ் வந்துவிடும்.

"ஹபீபு, என் பேர்ல கேஸ் வந்திருக்கு. ஃபாரஸ்ட்டுக்காரன் உள்ள தள்ளினாலும் தள்ளுவான். நீ தைரியமா இரு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

"கோர்ட்டு கேஸ் இல்லீங்க. அடுப்பு கேஸு. மூணு வருசத்துக்கு முன்னால என் தம்பி ஜானி உங்க பேர்ல பதிஞ்சு வச்சான். நானே மறந்துட்டேன்."

கவுஸ் பாஷாவுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உடனே கொதித்தது.

"விறகுத் தொட்டிக்காரன் வீட்டுல கேஸ் அடுப்பா? கடைத்தெருவுல ஒருத்தன் என்னை மதிப்பானா? கோர்ட்டு கேஸா இருந்தாக்கூடத் தலை நிமிர்ந்து போயிருப்பேன்டி!"

அவள் சண்டை போடவில்லை. ஊதாங்குழலை எடுத்து அடுப்பில் ஊதினாள். பாதி ஊதலில் மூச்சு நின்றுபோயிற்று. குழலைக் கீழே வைத்தாள்.

"உங்க விறகு நல்ல விறகுதாங்க. அதைக் கொறை சொல்லல. எனக்குத்தான் ஊத முடியல."

அந்தச் சொல் அவருக்குள் சிராய் போல ஏறிக்கொண்டது. பிடுங்கப் பார்த்தார், வரவில்லை.

மறுநாள் காசியைக் கைவண்டியோடு கேஸ் ஆபீசுக்கு அனுப்பினார். கேஸ் உருளையை அடியில் கிடத்தி, மேலே சவுக்குக் கட்டையை அடுக்கிக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு.

"வாயைத் தொறந்தே, இங்க உனக்கு வேலை இல்ல."

"நான் எதுக்கு பாய் சொல்றேன்?" என்றான் காசி. முந்தின நாளே, "பாய் மேல இன்னாமோ கேஸாம்" என்று டீக்கடையில் சொல்லி முடித்திருந்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

ஆபீஸ் ஆள் வந்து அடுப்பை மாட்டிப் பற்றவைத்துக் காட்டினான். நீலமாக, உஸ்ஸென்று எரிந்தது. கவுஸ் பாஷா வாசற்படியிலேயே நின்றார். புகைதான் நெருப்புக்குச் சாட்சி. சாட்சி இல்லாமல் எரிகிறதை எப்படி நம்புவது? ஆனாலும் அன்று மாலை ஹபீபுன்னிசா இருமாமல் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்தாள். பேச்சு அவரைத் திட்டித்தான். இருந்தாலும் நின்று கேட்டார்.

புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. தொட்டிக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படிதான் அவர் வீட்டுக் கூரை. அதில் புகையே இல்லாவிட்டால்? தினமும் காலையில் புழக்கடையில் கொஞ்சம் பச்சைக் கட்டையைப் போட்டுக் கொளுத்திவிட்டு, கூரைக்கு மேலே புகை எழுவதைப் பார்த்தபிறகே தொட்டியைத் திறந்தார்.

அப்படி ஒரு காலையில் வெள்ளையம்மாள் வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை போட்டிருப்பவள். எப்போதும் சிவந்து நீர் கோத்த கண்.

"இன்னா பாய், உங்க மேல கேஸாமே? எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்காரு."

கவுஸ் பாஷா மறுக்காமல் தராசுத் தட்டைத் துடைத்தார். ஊர் தப்பாக நினைப்பது அவருக்கு வசதியாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய். தீபத்துக்கு எனக்குக் கட்டை ஜாஸ்தி வேணும். தொட்டிய சீல் வச்சிட்டாங்கன்னா நான் எங்க போவேன்? இந்தத் தடவை வேற எடத்துல சொல்லிக்கறேன்."

போனால் போகட்டும், மானம் இருக்கிறது என்று நினைத்தார்.

அப்போது மலைப்பக்கமிருந்து காற்று திரும்பியது. புழக்கடைப் புகை கூரைக்கு மேலே போகாமல் மடங்கி வீட்டுக்குள் இறங்கியது. உள்ளிருந்து அந்த இருமல். அடுப்பே இல்லாத புகைக்கு இருமுகிறாள். அவர் மானத்துக்கு அவள் இருமுகிறாள்.

கவுஸ் பாஷா எழுந்து ஓடினார். தொழுகைக்கு முன் கைகால் கழுவ எடுத்து வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே கட்டைகள்மேல் கவிழ்த்தார். சாம்பல் முகத்தில் தெறித்தது. கதவைப் பிடித்துக்கொண்டு ஹபீபுன்னிசா நின்றிருந்தாள்.

"தினமும் கொளுத்துறது நீங்கதானா?" என்றாள்.

"நான்தான். இனிமே இல்ல."

முகத்துச் சாம்பலோடு தொட்டிக்குத் திரும்பினார். வெள்ளையம்மாள் இன்னும் போகவில்லை.

"இந்தாம்மா, எம்மேல கோர்ட்டு கேஸ் எதுவும் இல்ல. அடுப்பு கேஸு. எங்க வீட்டுல கேஸ் அடுப்பு வச்சிருக்கோம். அவளுக்குப் புகை ஒத்துக்கல."

சொல்லிவிட்டு, வரட்டும் என்று சிரிப்புக்குக் காத்திருந்தார். வந்தது. காசிதான் முதலில் சிரித்தான். வெள்ளையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "விறகு விக்கிறவரு வீட்டுலயா!" என்று குலுங்கினாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பாய், நெசமாவே புகையே வராதா?"

"வராது."

"எங்க எழுதி வைக்கணும்? நானும் வச்சா கொடுப்பானா?"

கவுஸ் பாஷா அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த சவுக்கைப் பார்த்தார். பிறகு ஆபீஸ் இருக்கும் தெருவைச் சொன்னார்.

"ஆனா கேட்டுக்க, மூணு வருசம் ஆக்குவான். அவன் பேச்சை நம்பி அடுப்பை இடிச்சிடாத. அதுவரைக்கும் இட்லி வேகணும்ல? டேய் காசி, என்னடா இளிப்பு? அக்காவுக்கு எடை போடு."