பித்தளை வில்லை

அந்தப் பழைய தாவரவியல் தோட்டத்து வாசலில் ஆளுக்கொரு பித்தளை வில்லை தருவார்கள். திரும்பும்போது காவலாளி அதை வாங்கிப் பலகையில் மாட்டுவார். பலகை நிறைந்தால் உள்ளே ஆள் இல்லை என்று கணக்கு; கதவைப் பூட்டிவிடுவார். இருநூறு வருஷத்து வழக்கமாம்.

என் மகளும் கை நீட்டினாள். ஆறு வயசு. போன வாரம்தான் என் மோதிரத்தைத் தொலைத்தவள். இவளுக்கு எதற்கு, ஒன்று போதும் என்றேன். குழந்தைக்கும் வேண்டும் என்று காவலாளி ரெண்டு தடவை சொன்னார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வெடுக்கென்று நாலு வார்த்தை பேசி அவர் வாயை அடைத்துவிட்டு உள்ளே போனேன்.

கண்ணாடி வீட்டுக்குள் ஒரே புழுக்கம். பெரணிச் செடிகள் ஆளுயரத்துக்கு நின்றன. ஒரு பெயர்த் தகட்டைப் படித்துவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தித் தேடினேன். நான் கத்துவது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வாசலுக்கு ஓடினேன். என் வில்லையை வாங்கி மாட்டிய காவலாளி சாவியை எடுத்தார். மகள் உள்ளே இருக்கிறாள் என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. வில்லையைக் கழற்றி என்னிடமே கொடுத்தார்.

"போய்ப் பாருங்கம்மா. ஆனா ஒரு வில்லைக்கு ஒரு ஆள்தான் வெளிய வர முடியும். அஞ்சு மணிக்கு மேல இன்னொண்ணு தர எனக்கு அதிகாரம் இல்ல."

பூச்சாண்டி காட்டுகிறாரா என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடினேன்.

பெரணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பத்துத் தடவை நான் பார்த்த இடம்தான். கணுக்கால் வரை மண். கூப்பிட்டேன், இழுத்தேன், வேர் பிடித்த செடி மாதிரி அசையவில்லை. பார்வை என்னைத் தாண்டிப் போனது. ஒரு வில்லைக்கு ஒரு ஆள் என்று காவலாளி சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவள் விரல்களைப் பிரித்து வில்லையை வைத்து மூடினேன். சட்டென்று எழுந்தாள்.

"பசிக்குதும்மா."

அள்ளிக்கொள்ளப் போனேன். கால் வரவில்லை. குனிந்து பார்த்தேன், என் கணுக்கால் வரை மண்.

"நீ முன்னாடி ஓடு கண்ணு. அம்மா பின்னாடியே வர்றேன்."

அவளிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். நம்பி ஓடினாள்.

கண்ணாடி வழியாக வாசல் தெரிந்தது. காவலாளி வில்லையை வாங்கி மாட்டினார். அவள் இந்தப் பக்கம் கை காட்டி அழுதாள். கையை ஆட்டிக் கூப்பிடலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. கை எழவில்லை. நல்லவேளை, அதற்குள் அவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைப் பூட்டினார்.