ஜன்னல் பக்கத்துக் கட்டில்

"உனக்கு எந்தக் கட்டில் வேணும்மா? ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா?"

விடுதி வார்டன் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கையில் சாவிக்கொத்து, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் யோசிக்கவே இல்லை. "ஜன்னல் பக்கம்" என்றேன்.

பொதுவாக யாராவது ஏதாவது கேட்டால் எனக்குப் பதில் வர நேரமாகும். அதற்குள் கேட்டவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். பத்தாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்கள். புத்தகம் கையில் இருக்கிறது, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, குரல் மட்டும் வரவில்லை. மணி அடிக்கும்வரை அப்படியே நின்றேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டது.

என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "மேடம், காலேஜ்ல சேரப்போறது நான். இது எங்க அக்கா, துணைக்கு வந்திருக்கா. வீட்டுலயே வாயத் திறக்க மாட்டா, நீங்க கேட்டதும் பட்டுனு சொல்லிட்டா பாருங்க!"

"அப்படியா? பாத்தா இவதான் படிக்கிற பொண்ணு மாதிரி இருக்கா" என்றார் வார்டன்.

"அப்ப நான் எப்படி இருக்கேன் மேடம்?"

"நீயா? நீ பிரின்சிபால் மாதிரி இருக்க."

தங்கைக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். அப்பா வைத்தது. அப்பா ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க இன்ஜின் சத்தம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்த ரேடியோவை அணைக்க வழியில்லையே என்பார். அன்றைக்கு அவர் கீழே தெருவில் வேனிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. அதனால் விடுதி அறைகளைப் பார்க்க நாங்கள் இருவர் மட்டும் மேலே ஏறினோம்.

விடுதியில் இரண்டு கட்டடங்கள். நாங்கள் நின்றது பழைய கட்டடம், இரண்டாம் மாடி, கடைசி அறை. இரண்டு இரும்புக் கட்டில்கள், இரண்டு மேசைகள், ஒரு கட்டிலை ஒட்டி ஜன்னல். போன வருஷம் இருந்தவள் சுவரில் எதையோ ஒட்டிவைத்துப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறாள், நான்கு மூலையிலும் டேப்பின் அடையாளம். மேசை விளிம்பில் பேனாவால் கிறுக்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு நீளமான கட்டடம், உள்ளே வரிசையாக அலமாரிகள். நூலகம் என்றார் வார்டன்.

"இந்தக் கட்டடத்துல ஒரு வசதி இருக்கு. சனிக்கிழமை ராத்திரி அம்மாவோ அக்காவோ வந்து தங்கிக்கலாம். முன்னாடியே பேர் குடுத்தா மெத்தை தருவோம்."

"லைப்ரரிக்கு?" என்று நான் கேட்டேன். பாதிதான் கேட்டேன். வார்டனுக்குப் புரிந்துவிட்டது.

"கூட வந்தவங்களும் உக்காந்து படிக்கலாம்மா. எடுத்துக்கிட்டுப் போகத்தான் முடியாது."

சனிக்கிழமை மத்தியானம் நான் வேலை செய்யும் கடை மூடியதும் பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். ஞாயிறு சாயங்காலம் திரும்பலாம். வாரத்துக்கு ஒன்றரை நாள். படியில் இறங்கும்போதே கணக்குப் போட்டு முடித்திருந்தேன்.

புதிய கட்டடம் எதிரே. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. எல்லாம் ஒற்றை அறைகள், தீப்பெட்டி அளவு. ஒரு கட்டில், ஒரு மேசை, கையகல ஜன்னல். விருந்தாளிகள் கீழே வரவேற்பு அறையைத் தாண்டக்கூடாது. ரேடியோ உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். வார்டன் கதவைச் சாத்திக் காட்டினார், பூட்டு எப்படி விழுகிறது பார் என்று. நானும் அவரும் வெளியே நின்றோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"என்னடி, தூங்கிட்டியா?" என்று கதவைத் தட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அறை பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது வார்டன் ஒரு படிவம் கொடுத்தார். "எந்தக் கட்டடம்னு நீங்க கேக்கறதை வச்சுப் போட மாட்டோம். கேட்டா எல்லாரும் புதுசுதான் கேப்பாங்க. இதுல உள்ள கேள்விக்கு உள்ளது உள்ளபடி பதில் எழுதுங்க. கூட்டத்தோட இருக்கறவங்களுக்குப் பழசு, தனியா இருந்தாத்தான் சரிப்படும்கறவங்களுக்குப் புதுசு. திங்கக்கிழமைக்குள்ள அனுப்பிடணும்."

படிவம் என்றால் எங்கள் வீட்டில் அது என் வேலை. தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். நகல் எடுப்பேன், ஸ்பைரல் போடுவேன், எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதப் பயப்படுகிறவர்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். பேச வேண்டியதில்லை. அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். கடைக்காரம்மா ஆரம்பத்திலேயே இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேட்பவன் எதற்காகக் கேட்கிறான் என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, பதில் இல்லையென்றால் ஒரு கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் அதில் வேறு யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள்.

"ஊருக்கெல்லாம் எழுதற, எனக்கு எழுத மாட்டியா?" என்று ரேடியோ படிவத்தை என் பையில் சொருகினாள். "என்னைப் பத்தி உனக்குத் தெரியாததா? நான் கையெழுத்து மட்டும் போடறேன்."

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எழுதினேன். ஒவ்வொரு கேள்வியும் எதற்காகக் கேட்கப்பட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. மற்றவர்களோடு பேசப் பழகப் பிடிக்குமா? மிகவும் பிடிக்கும். பொருள்களைப் பகிர்ந்துகொள்வீர்களா? ஆம், சிறு வயதிலிருந்தே ஒரே அறையில் அக்காவுடன் வளர்ந்தவள். விளக்கு எரியும்போது தூங்க முடியுமா? முடியும், ஆழ்ந்து தூங்குவேன். அறைத்தோழி உங்களைப் பற்றி அறிந்திருக்க வேண்டியது என்ன? இதற்கு நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். தூக்கத்தில் போர்வைக்கு வெளியே காலை நீட்டுவேன், மூடிவிட வேண்டாம், உதைப்பேன் என்று எழுதினேன். கோபம் வந்தால் பத்து நிமிஷம்தான், அதற்குள் சமாதானம் பேச வந்தால் இருபது நிமிஷம் ஆகும். தலைவலி என்றால் பசி என்று அர்த்தம்.

பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் வீட்டில் அவளுக்கு வாசித்துக் காட்டாமல், கையெழுத்துப் போடும் கடைசிப் பக்கத்தை மேலே வைத்துத்தான் நீட்டினேன்.

அவள் பேனாவை வாயில் கடித்துக்கொண்டு பக்கங்களைத் திருப்பினாள். கால் விஷயத்தைப் படித்து, "அடிப்பாவி, இதெல்லாமா எழுதுவ! அந்தப் பொண்ணு பயந்து ஓடிடப்போறா" என்று சிரித்தாள். அப்புறம் முன் பக்கம் போனாள். சிரிப்பு நின்றது.

"லைட் எரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்னு யாரு சொன்னா?"

"தூங்குவியே. செவுத்துப் பக்கம் திரும்பினா அடுத்த நிமிஷம் தூங்கிடுவ."

"கண்ணை மூடிக்கிட்டா தூக்கமா?"

எங்கள் அறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் என் மேசை விளக்கு. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து, எல்லோரும் படுத்த பிறகு அதன் வெளிச்சத்தில்தான் நோட்டில் எழுதுவேன். என்ன எழுதுகிறேன் என்று யாருக்கும் தெரியாது. எழுதுகிறேன் என்பதே யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நோட்டுகள் துணி அலமாரியில் கம்பளிக்கு அடியில் இருக்கின்றன. பதினேழு.

"நான் ஒரு நாளும் தூங்கினதில்லக்கா" என்றாள் ரேடியோ. வழக்கமான குரலில் இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் சொன்னாள். "நீ விளக்கை அணைக்கிற வரைக்கும் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்."

"ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அணைச்சிடுவ. அணைச்சா எழுத மாட்ட. பகல்ல பேசறதும் இல்ல, ராத்திரி எழுதறதும் இல்லன்னா நீ என்னதான் பண்ணுவ?"

"படிச்சியா?"

"சத்தியமா இல்ல. பேனா சத்தம் மட்டும் கேக்கும். பக்கம் திருப்பறது கேக்கும். எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். நாலு பக்கம்னா சாதாரண நாள். எட்டு தாண்டிச்சுன்னா கடையில யாரோ உன்னைத் திட்டியிருக்காங்கன்னு அர்த்தம்."

அது சரிதான்.

"அந்தப் புது ரூம்ல கதவைச் சாத்தினாங்கல்ல" என்றாள். "கண்ணை மூடிப் பாத்தேன். கும்முனு இருட்டு. யாருக்காகவும் முழிச்சிருக்க வேண்டாம். அப்படியே அங்கேயே படுத்துடலாம் போல இருந்துச்சுக்கா."

சொல்லிவிட்டு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள், தப்பாகப் பேசிவிட்டவள் மாதிரி. "சரி விடு. சனிக்கிழமை நீ வந்து தங்கலாம்னுதானே இப்படி எழுதின?"

"இல்ல."

"லைப்ரரின்னு கேட்டியே."

"சும்மா கேட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பேனா மூடியைத் திறந்தாள். "உனக்கு வேணும்னா சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன். ஆறு வருஷம் இருந்தாச்சு, இன்னும் மூணு வருஷம் யாரோ ஒருத்தியோட விளக்கு. என்ன கெட்டுப்போச்சு? ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்கு, நான் கீழ மெத்தையில படுத்துக்கறேன்."

அவள் போட்டிருப்பாள். ஒரு வார்த்தை, வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் போதும். எனக்குப் பதில் வர நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் காத்திருந்தாள். என் வாழ்க்கையில் அப்படிக் காத்திருக்கிற ஆள் அவள் ஒருத்திதான். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கி இரண்டாக மடித்தேன்.

"கடையில வெத்துப் படிவம் ஒண்ணு நகல் எடுத்து வச்சிருக்கேன். அடிச்சுத் திருத்தினா ஒத்துக்க மாட்டாங்க."

மறுநாள் புதிதாக எழுதினேன். விளக்கு எரியும்போது தூங்க முடியுமா? முடியாது. தனியாக இருக்கப் பிடிக்குமா? ஆம். அறைத்தோழி உங்களைப் பற்றி அறிந்திருக்க வேண்டியது என்ன? அந்த நான்கு வரி இடத்தின்மேல் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்தேன். பிறகு குறுக்கே ஒரு கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன், ஆனாலும் கடைசியில் கொஞ்சம் வளைந்துவிட்டது.

பத்து நாளில் கடிதம் வந்தது. புதிய கட்டடம், முதல் மாடி. அப்பா இரண்டு முறை சத்தமாக வாசித்தார். "தனி ரூமா? ரேடியோ யார்கிட்ட பாடும்? செவுத்துக்கிட்டயா?" என்றார். ரேடியோ ஏதோ எதிர்ப் பேச்சுப் பேசினாள், அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மிச்சமிருந்த நாள்களில் நான் விளக்கைப் போடவில்லை. ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன். முதல் நாள் அவள் இருட்டில், "எழுதுக்கா, பரவாயில்ல" என்றாள். எழுத ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் என்னவென்றே புரியவில்லை. எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். ரேடியோ வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குறட்டை உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான்கு வரி எழுதியிருந்தேனே, அதில் இது இல்லை. கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது மட்டும் நான் எழுதியபடி இருந்தது.

கிளம்பும் நாளில் அப்பா ரொட்டி வேனை விடியுமுன்னே கொண்டுவந்துவிட்டார். பகலில் அவருக்கு வேறு நடை இருந்தது. அம்மா பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுவது கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஏதாவது சொல்ல வேண்டும். மூன்று நாளாகத் தேடியும் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறவள் மாதிரி ஒரே சீராக மூச்சு விடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. இவள் பன்னிரண்டு வயதிலேயே அதைப் பழகியிருக்கிறாள்.

கதவு திறந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அலமாரியில் எதையோ எடுத்தாள். என் கட்டிலருகே வந்து நின்றாள். கண் மட்டும் மூடியிருக்கிறதா, தூக்கமா என்று கண்டுபிடிக்க அவளைவிடத் தெரிந்த ஆள் வேறு யார் இருக்க முடியும்? அவள் பேசட்டும் என்று காத்திருந்தேன். அவள் பேசாமல் இருந்ததே இல்லையே.

மேசை விளக்கின் சுவிட்ச் சத்தம் கேட்டது. மூடிய கண்ணுக்குள் வெளிச்சம் சிவப்பாக வந்தது. மேசைமேல் எதையோ நகர்த்தி வைத்தாள், நோட்டாக இருக்க வேண்டும். அதன்மேல் பேனா உருண்டு நின்றது.

பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.