கருத்தம்மாள் ஊத்தா எடுத்த நாள்

பங்குனி பதினொன்றாம் தேதி கண்மாய் அழிப்பு என்று தமுக்கு அடித்துச் சொன்னதிலிருந்து கருத்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அழிப்பு என்றதும் பயந்துவிட வேண்டாம். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஊர் ஒரு நாளைக் குறித்து, எந்த ஊர்க்காரனும் இறங்கி மீன் பிடிக்கலாம் என்று விட்டுவிடும், அவ்வளவுதான். பிடித்ததை விற்கக் கூடாது, குழம்புதான் வைக்க வேண்டும். நாட்டாமை கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும் முன்னால் ஒருத்தன் கால் நனையக் கூடாது. அப்படி ஒரு நாள் வந்து மூன்று வருஷமாகிவிட்டது. உலகச் சண்டை நடந்த வருஷங்களில் அரிசி, மண்ணெண்ணெயோடு மழைக்கும் கண்ட்ரோல் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சண்டை முடிந்து, போன ஐப்பசியில்தான் குண்டாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வரத்துக்கால் கொண்டுவந்த மீன் போதாதென்று, கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்த தண்ணீரை எதிர்த்துத் துள்ளித் துள்ளி ஏறியது வேறு. அம்மாடி, அந்த மீனெல்லாம் இப்போது முழங்கால் தண்ணீரில் கிடந்து புரள்கிறது!

கருத்தம்மாளுக்கு வந்தது மீன் ஆசை இல்லை. பந்தல்குடியில் வாக்கப்பட்ட அவள் மகள் மாயக்காளுக்கு ஒன்பதாம் மாசம் நடக்கிறது. தலைப்பிரசவம். பிள்ளையைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர முடியவில்லை.

எல்லாம் கடைசியாகக் கண்மாய் அழிந்த அன்று நடந்த கூத்து. ஊத்தா என்பது மூங்கில் பிளாச்சுகளால் கட்டிய கூடு. அடி அகலம், மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய். மீன் ஓடுகிற இடத்தில் கவிழ்த்துக் குத்த வேண்டும். உள்ளே மீன் தட்டினால், மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். கருத்தம்மாள் புருஷன் பால்சாமியும், அந்த வருஷம்தான் சம்பந்தியான பந்தல்குடி இருளப்பசாமியும் கலங்கிய தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் குத்தினார்கள். மீன் போதையில் பால்சாமி எந்த ஊத்தா என்று பார்க்காமல் கையை விட்டு முழங்கை நீள விரால் ஒன்றை இழுத்துவிட்டார். இழுத்தது சம்பந்தியின் ஊத்தாவிலிருந்து. இந்தப் பக்கத்தில் அடுத்தவன் ஊத்தாவுக்குள் கையை விடுவது அடுத்தவன் அடுப்படிக்குள் நுழைவதற்குச் சமம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பால்சாமி சொன்னாரா? "என் ஊத்தாவுல இருந்து நழுவுன மீனுதான்" என்று சாதித்து, அதைக் குழம்பும் வைக்கச் சொல்லித் தின்றும் முடித்தார்.

அன்றோடு போக்குவரத்து அற்றது. ஏழாம் மாசம் கருத்தம்மாள் மட்டும் பிள்ளையைக் கூப்பிடப் போனபோது இருளப்பசாமி அவளுக்கு மோர் கொடுத்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, ஒம்மேல எனக்கு வருத்தமில்ல. எங்கிட்டக் களவாண்ட விரால இதே கம்மாயில புடிச்சு, அந்த ஆளு தன் கையால கொண்டாந்து குடுக்கட்டும். அன்னைக்கே பிள்ளைய அனுப்புறேன்."

இதைக் கேட்டுப் பால்சாமி குதித்த குதி இருக்கிறதே!

"அவன் முன்னாடி மீனத் தூக்கிக்கிட்டுப் போயி நிக்கவா? என் மீச என்ன வாடகைக்கு வாங்குனதா?"

"ஒங்க மீசையா எம்பிள்ளைக்குப் பிரசவம் பாக்கப் போகுது?" என்றாள் கருத்தம்மாள்.

பதினொன்றாம் தேதி விடிந்தபோது கரை கொள்ளாத கூட்டம். திருச்சுழிப் பக்கத்து ஆட்கள், அருப்புக்கோட்டையிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளிகள், பந்தல்குடிக்காரர்கள். எதிர்க்கரைப் புளியமரத்தடியில் இருளப்பசாமியின் கூண்டு வண்டி அவிழ்த்துக் கிடந்தது. அவர் இடுப்பில் கைவைத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் நின்றார். இந்த வருஷம் இறங்குவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். கால்கள் மட்டும் நின்ற இடத்தில் நில்லாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

கருத்தம்மாள் அவர் ஊத்தாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேலையை வரிந்து கட்டி, ஆம்பிளைகள் வரிசையில் போய் நின்றாள். பெண்கள் ஓரத்தில் கூடை வைத்து அயிரை அள்ளுவார்கள், ஊத்தா குத்துவதில்லை. பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா?

"ஏ கருத்தம்மா, மீனுக்கு வந்தியா, மீனுக்குச் சோறு போட வந்தியா?"

"ஒனக்குச் சேத்துப் புடிக்க வந்தேன், போடா அங்கிட்டு!"

துண்டு பறந்தது. ஆயிரம் கால் ஒரே மூச்சில் தண்ணீருக்குள் பாய்ந்தது. ஊய் ஊய் என்ற கூச்சலில் கரையில் கட்டிக் கிடந்த மாடுகள் மிரண்டு எழுந்தன. கருத்தம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குத்தினாள், தூக்கினாள், குத்தினாள். முதலில் சேறு. பிறகு ஒரு கெளுத்தி அகப்பட்டு முள்ளால் கையைப் பதம் பார்த்தது. "சனியனே!" என்று வீசினாள். நான்கு கெண்டை கிடைத்தது. இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்திலிருப்பவன் விரால் எடுக்கிறான், அந்தப் பக்கத்திலிருப்பவன் விரால் எடுக்கிறான். இவளுக்கு மட்டும் இல்லை. வெயில் ஏறியது. தண்ணீர் கூழாகிவிட்டது. இன்றைக்கு விட்டால் இன்னும் எத்தனை வருஷமோ, மகள் பிரசவத்துக்கோ இருபது நாள்கூட இல்லை. அழுகை முட்டியது. அழுதுகொண்டே குத்தினாள்.

மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் குத்தியபோது உள்ளே ஒன்று முட்டியது. தட்டவில்லை, முட்டியது. ஊத்தாவே ஒரு சாண் நகர்ந்தது.

"ஆத்தாடி!"

அப்படியே அதன்மேல் விழுந்து நெஞ்சால் அமுக்கினாள். விரால் கீழே இடித்த இடியில் பல் கிட்டியது. கையை உள்ளே விடலாமென்றால், உடம்பைக் கொஞ்சம் தூக்கினாலும் ஊத்தா கிளம்புகிறது. தூக்காமல் கை நுழையாது. ஒரு பிளாச்சு படக்கென்று ஒடிந்தது.

"ஏங்க! இங்க வாங்க!" என்று கத்தினாள். பொண்டாட்டியோடு வந்திருந்த பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கரையில் நின்ற மனுசன் அசையவில்லை. அந்த இரைச்சலில் அவருக்கு எங்கே தெரியப் போகிறது?

"ஏங்க! இந்தாருங்க! மாயக்கா அப்பா!"

இன்னொரு பிளாச்சு ஒடிந்தது. கருத்தம்மாளுக்கு உலகம் மறந்து போயிற்று. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட வாயில் வராத பேரை, வயிற்றிலிருந்து எடுத்து, வானம் கிழியக் கத்தினாள்.

"பால்சாமீ! ஏ பால்சாமீ! ஓடியாய்யா!"

கண்மாய் கப்பென்று அடங்கியது. குத்த ஓங்கிய ஊத்தாக்கள் ஓங்கினபடி நின்றன. பேர் சொல்ல வேண்டி வருமென்று சாமிகிட்டக்கூட 'எங்க வீட்டாளு' என்று வேண்டிக்கொள்ளும் பெண்கள், ஓரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த நொடி பால்சாமி கரையிலிருந்து பாய்ந்தார். துண்டு ஒரு பக்கம், சத்தியம் ஒரு பக்கம். விழுந்து எழுந்து, சேறு தெறிக்க வந்து சேர்ந்தார்.

"விடாத! அமுக்குடி! அமுக்கு!"

"கைய விடுங்க! யாரு ஊத்தான்னு பாத்து விடுங்க!"

இந்த நேரத்திலும் அவளுக்கு அந்த வாய். பால்சாமி தோள்வரை கையை விட்டு, முகத்தைத் தண்ணீரில் தேய்த்து, செவுளில் விரல் கோத்து இழுத்தார். வந்தது பாருங்கள், இரண்டு முழ நீளம்! கரு கருவென்று, வாலால் அவர் மீசையிலேயே ஒரு சாத்துச் சாத்தியது. கண்மாயே "ஓ" என்று கத்தியது.

பால்சாமி மீனைப் பார்த்தார், பொண்டாட்டியைப் பார்த்தார். மூச்சு வாங்க, தலையெல்லாம் சேறாக, கையில் முள் குத்திய ரத்தம் வழிய நின்றாள். அவர் மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்து நடந்தார். அவள் வாலைப் பிடித்தபடி பின்னாலேயே போனாள்.

இருளப்பசாமி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஊருக்கே கேக்கப் பேரச் சொல்லிட்டாளேய்யா!"

"தெரியாம..." என்று பால்சாமி ஆரம்பித்தார். "அன்னைக்குத் தெரியாமத்தான் மச்சான் கைய விட்டுட்டேன். ஒத்துக்கிற மனசு வரல. இந்தா."

இருளப்பசாமி மீனை வாங்கினார். முழங்கையில் வைத்து அளப்பார் என்று சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் அளக்கவில்லை. வண்டியைத் திரும்பிப் பார்த்து, "எறங்கு தாயி" என்றார்.

கூண்டுக்குள்ளிருந்து மாயக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் துணிமூட்டை, தலையணை, குழந்தைக்குக் கிழித்து வைத்த பழஞ்சேலை எல்லாம் கட்டி அடுக்கியிருந்தன.

கருத்தம்மாளுக்குப் புரிய ஒரு நிமிஷமாயிற்று. புரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மீனு கெடைக்கும் முன்னாடியே மூட்டையோட ஏத்திட்டு வந்துட்டீகளா? அப்பறம் எதுக்கண்ணே என்னையச் சேத்துல உருட்டுனீக? எதுக்கு மூணு வருசம்?"

இருளப்பசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"கோவம் போயி ரெண்டு வருசமாச்சு தங்கச்சி. வீம்புக்கு வாய் விட்டுச் சொல்லிட்டேன், எப்படி எறங்குறதுன்னு தெரியல. மீனு கெடைக்காட்டியும் இன்னைக்கு விட்டுட்டுத்தான் போயிருப்பேன்."

திட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. சேற்றுக் கையால் தொடக் கூடாதே என்று தள்ளி நின்ற தாயை, மாயக்காள் எட்டி இழுத்துக் கட்டிக்கொண்டாள். "ஒஞ்சேல!" என்றாள் கருத்தம்மாள். "கெடக்கு, போ" என்றாள் மகள்.

பிறகு அவள் மாமனார் கையில் துடித்த விராலைப் பார்த்தாள்.

"மாமா, அந்த மீனு எனக்கு வேணும். எங்காத்தா கையால கொழம்பு வச்சு."

இருளப்பசாமி திடுக்கிட்டார். மூன்று வருஷம் காத்திருந்து கைக்கு வந்த மீன்.

"ஏ தாயி, அப்ப எனக்கு?"

பால்சாமி வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். நுகத்தடியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஏறு மச்சான். நம்ம வீட்லதான் சோறு."