வில்லி கையால் ஒரு வாய்

இருபத்திரண்டு வருடமாக அம்மாவுக்கு மேடையில் ஒரே சாவுதான். மூன்றாம் காட்சியில் சொத்துக்காரக் கிழவியாக நாற்காலியில் சாய்ந்திருப்பாள். அண்ணன் மகளாக நடிப்பவள் பால் டம்ளரை நீட்டுவாள். அம்மா குடிப்பாள், நெஞ்சைப் பிடிப்பாள், டம்ளரை நழுவவிட்டுச் சரிவாள். அரங்கம் மூச்சுவிட மறந்துபோகும். அம்மாவின் சொந்த மகள் அப்போது பக்கத்திரைக்குப் பின்னால் நோட்டை மடியில் விரித்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அதுதான் அவள் வேலை. அம்மாவுக்கு மட்டும் இந்த வருடம் வரை அது தேவைப்பட்டதே இல்லை.

விஷம் கொடுப்பவளாக நடிப்பவளைக் குழுவில் எல்லோரும் வில்லி என்றே கூப்பிடுவார்கள். எறும்பைக் கண்டால்கூட ஒதுங்கிப் போகிற மனுஷி. அம்மாவை அக்கா என்பாள். அதனால் மகளுக்கு அவள் சித்தி.

முதலில் அம்மாவுக்கு ஒரு வரி மறந்தது, பிறகு ஒரு பக்கம். மகள் கிசுகிசுத்தால் பிடித்துக்கொள்வாள். வயசானால் இதெல்லாம் சகஜம் என்று மகளும் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒருநாள் காலை வீட்டில் அம்மா காபியை வாங்கி, மோந்து பார்த்து, மேசையில் வைத்தாள்.

"நீ முதல்ல குடி."

"என்னம்மா, விளையாடுறியா?"

"குடின்னா குடி. ஏன் உன் கை நடுங்குது?"

மகளின் கை நடுங்கவில்லை. அம்மா சொன்ன பிறகுதான் நடுங்க ஆரம்பித்தது.

அன்றிலிருந்து எதையும் மகள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. சில நாளில் அதுவும் எடுபடவில்லை. அலமாரிக்குப் பின்னால் காகிதத்தில் சுருட்டிய சாப்பாட்டுப் பொட்டலங்கள் நாறிக் கிடந்தன. அம்மாவின் ரவிக்கைகள் தொளதொளத்தன. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகள் கொடுக்கும் மாத்திரையை அம்மா எப்படி விழுங்குவாள்? மகள் டைரக்டரிடம் போய், அம்மாவை நாடகத்திலிருந்து விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். "ஞாயித்துக்கிழமை மதிய ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் வித்தாச்சும்மா. அதோட நிறுத்திக்கலாம்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வில்லி டம்ளரை நீட்டினாள். அம்மா வாங்கி, அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். குடிக்கவில்லை. எழுந்தாள்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். கலக்கிக் குடுக்கிறவ அங்க உக்காந்திருக்கா. பாக்க என் பொண்ணு மாதிரியே இருப்பா."

நேராக வந்து பக்கத்திரையைப் பிடித்து இழுத்தாள். நோட்டும் கையுமாக இருந்த மகள்மேல் வெளிச்சம் விழுந்தது. கதையில் ஏதோ புதுத் திருப்பம் என்று நினைத்த சனம் கைதட்டித் தீர்த்தது. அம்மாவின் கண்களை அத்தனை அருகில் பார்த்தவள் மகள் ஒருத்திதான். அங்கே நடிப்பு துளியும் இல்லை.

"வாங்க அத்தை, உள்ள போகலாம்" என்று நோட்டில் இல்லாத வசனம் பேசி, வில்லிதான் அவளைக் கூட்டிப்போனாள்.

"பிரமாதம்! இதையே வச்சுக்கலாம்" என்று ஓடிவந்தார் டைரக்டர். மகள் நோட்டை அவர் கையில் திணித்துவிட்டு அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட அம்மா தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மகள் வில்லிக்குப் போன் செய்தாள். அவள் வாசலில் கால் வைத்ததுமே அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"வாடி. உன் கையால ஒரு வாய் குடு."

வில்லி ஊட்ட ஊட்ட அம்மா சாப்பிட்டாள், மாத்திரையையும் விழுங்கினாள். மகள் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அதுவே வழக்கமானது. மகள் சத்தமில்லாமல் சமைப்பாள். வில்லி மத்தியானம் வந்து ஊட்டிவிட்டுப் போவாள். அம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது. இப்படியே ஓட்டிவிடலாம் என்று மகள் நம்பத் தொடங்கினாள். ஆறாவது வாரம் வில்லி தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சித்தி?"

"வாங்க மாட்டேங்கிறாங்க. நீயும் அவகூட சேந்துட்டியான்னு கேக்குறாங்க."

மகள் கூடத்தைத் தாண்டி ஓடினாள். அம்மாவின் அறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. தட்டினாள், கூப்பிட்டாள், கெஞ்சினாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வண்டி வர அரைமணி ஆகும் என்றார்கள். வில்லி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகளுக்கு அழுகை வரவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே அம்மா எதையோ கதவை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தாள். முதலில் நாற்காலி. அப்புறம் மேசை. பிறகு, அந்த உடம்பில் எங்கிருந்துதான் அத்தனை பலம் வந்ததோ, கட்டில்.