முதலாளிக்கு ஒரே அடி

“ரெண்டு பேட்டரி வாங்கிட்டு வந்துடறேன். முதலாளியைக் கொன்னுட்டுத்தான் குளியல்,” என்று சொல்லிக்கொண்டே என் கணவர் செருப்பை மாட்டினார். நான் நிமிராமல் “ம்” என்றேன். இருமல் மருந்தோடு வைக்கிற துண்டுத்தாளுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டோ பதினைந்து நாளாக ஓடவில்லை. ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவர் ஐந்து மாடி இறங்கிப்போய் பேட்டரி வாங்கி, ஏறி வரும்போது நாலாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். இதயம் என்றார்கள்.

கொல்வதாகச் சொன்னது வேறு முதலாளியை. ‘பாழ்க்கோட்டை’ என்ற வீடியோ கேமின் முதல் பாகம் எங்கள் கல்யாணத்து வருஷம் வந்தது. இரண்டாம் பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஒன்பது வருஷம் இழுத்தார்கள். ஒருவழியாக வந்தபோது தமிழிலும் வந்தது. எந்தப் புண்ணியவான் மொழிபெயர்த்தாரோ, கோட்டைக்குக் கோட்டை வழிமறிக்கும் பாஸ் அரக்கனுக்கு ‘முதலாளி’ என்று பெயர். “முதலாளியைக் கொல்லவும்” என்று திரையில் வரும். ஆட்டத்தைச் சேமிக்கும் இடத்தில் ‘காப்பாற்று’ என்றிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழை சொல்வேன். “ப்ரூஃபு, வாயை மூடிக்கிட்டுப் பாரு,” என்பார்.

ஆறாவது முதலாளியிடம் மூன்று நாளாகச் செத்துக்கொண்டிருந்தார். அன்று காலை, முதலாளிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்க்கோடு நகக்கண் அளவுக்கு வந்த நேரத்தில் கன்ட்ரோலரில் பேட்டரி தீர்ந்து, ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது. “ஒரே அடிதான் பாக்கி!” என்று துள்ளினார். துள்ளியபடியேதான் கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் டிவியை யாரையும் தொட விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அந்தத் திரையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்தார்கள். சம்மட்டியை ஓங்கிய அரக்கன், கீழே வாளோடு என் வீட்டுக்காரர் ஆட்டிவைத்த சின்ன மனிதன். வந்தவர்கள் பாதி அவனிடமும் பாதி என்னிடமும் ஆறுதல் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் காலை கட்டடத்து வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: பராமரிப்புப் பணி, பத்து மணி முதல் நாலு மணி வரை மின்சாரம் இருக்காது.

“கரன்ட் போனா எல்லாம் போச்சு, அண்ணி,” என்றான் கொழுந்தன். “சண்டைக்கு நடுவுல சேவ் ஆகாது.”

நம்பாமல், ஆஸ்பத்திரிக்காரர்கள் பையில் போட்டுக் கொடுத்த அந்த இரண்டு பேட்டரிகளைக் கன்ட்ரோலரில் போட்டு அழுத்திப் பார்த்தேன். “இந்த இடத்தில் காப்பாற்ற இயலாது” என்று வந்தது. ‘சேமிக்க’ என்றிருக்க வேண்டும். அன்று நான் அதைத் திருத்தவில்லை.

அவர் ஜெயிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒன்பது வருஷம் காத்திருந்தவருக்கு ஒரே ஓர் அடி.

“நீ ஆடு,” என்றேன் கொழுந்தனிடம்.

“எனக்கு கார் ஓட்டற கேம்தான் வரும், அண்ணி. அண்ணன் பேரைக் கெடுத்துடுவேன்.”

வாசலில் ஆள் நின்றது எங்களுக்குத் தெரியவில்லை. நாத்தனார் திரையைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். “பாவி, கடைசி வரைக்கும் முதலாளியைக் கொல்லணும், முதலாளியைக் கொல்லணும்னே இருந்தான். இனிமே யாராவது கொன்னாத்தான் அவன் மனசு ஆறும்.”

“நான் என்னம்மா பண்ணேன்?” என்று ஒரு குரல் கேட்டது. லிஃப்ட் கம்பெனி முதலாளி. ஐந்து மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. “ஒரு ஞாயித்துக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டேன். அதுக்குக் கொலையா?”

விளக்கிச் சொல்லி உட்கார வைக்கப் பத்து நிமிடம் ஆனது. தண்ணீர் குடித்துவிட்டு, “அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்?” என்றார்.

“எந்தப் பெரியவர்?”

“ஒன்பது வருஷமா எதிர்பார்த்த பெரியவர் வர்றார், கூடவே இருந்து பாத்துக்கணும்னு லீவு கேட்டானே.”

நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். பிறகு பழுதாகிக் கிடக்கும் லிஃப்டை நோட்டம் விடுவதுபோல எழுந்து போய், திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார்.

“ஒரே அடின்னு சொன்னானா?”

“ஆமா.”

“யார் வாங்கற அடின்னு சொன்னானா? இந்தச் சம்மட்டி ஏற்கெனவே பாதி இறங்கியாச்சும்மா. இவன் காலு ரெண்டும் ஒண்ணா இருக்கு. எங்க நகருவான்?”

நான்கு நாளும் நான் உயிர்க்கோட்டைத்தான் பார்த்திருந்தேன். சம்மட்டியைப் பார்க்கவில்லை. மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு இது தகுமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. “கரன்ட்காரன் கையில விடறதைவிட நானே ஆடிடறேன்,” என்று கன்ட்ரோலரை எடுத்தேன்.

“உருளுங்க அண்ணி! வட்டம் போட்ட பட்டனை அழுத்தி உருளுங்க!”

“அவளை எங்கடா உருளச் சொல்றே? நாலு நாளாச் சாப்பிடலை அவ,” என்று நாத்தனார் அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

“அடிம்மா, அந்த முதலாளியை அடி!” என்றார் முதலாளி.

உருளவும் செய்தேன், அடிக்கவும் செய்தேன். இரண்டும் பிந்திவிட்டன. “நீங்கள் இறந்துவிட்டீர்கள்” என்று திரை மரியாதையோடு சொன்னது. நாத்தனார் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொன்னபடி பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று.

நாலு மணிக்கு வந்ததும் கொழுந்தன் போட்டுப் பார்த்தான். சண்டைக்கு முன்னால் அவர் கடைசியாகச் சேமித்தது பத்திரமாக இருந்தது: கோட்டை வாசல், மழை, கதவைப் பார்த்து நிற்கும் அந்தச் சின்ன மனிதனின் முதுகு. நான் அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். கதவைத் திறப்பதில்லை. மூலையில் சின்ன எழுத்தில் ஆடிய நேரம் இருக்கும். முப்பத்தொரு மணி நேரம், பன்னிரண்டு நிமிடம். நேற்றும் அதேதான்.