நகம் வெட்டுகிறவன் கால்

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் காலைப் பிடித்துத்தான் சாப்பிடுகிறேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வட சீனாவில் தையுவான் நகரத்தில் ஒரு குளியல்கூடம். வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்து வந்து சாய்வுக்கட்டிலில் விழுகிறவர்களின் பாதத்தை என் முழங்காலில் ஏற்றி வைத்து, கால் ஆணியைச் செதுக்குவேன், தடித்த நகத்தைச் சீவுவேன், சதைக்குள் இறங்கிய நகத்தை வெளியே எடுப்பேன். சொந்த ஊர் யாங்சோ பக்கம். அந்த ஊர்க்காரன் என்றாலே நகக்கத்தி பிடிக்கப் பிறந்தவன் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல.

என் பிரசங்கம் இங்கே வருகிறவர்களுக்கு மனப்பாடம். நகத்தை நேராக வெட்டு. மூலையை வளைத்து உள்ளே போகாதே. ரொம்ப ஒட்ட வெட்டாதே. விரல் அசைய இடமிருக்கிற செருப்பைப் போடு. நிலக்கரி லாரி ஓட்டும் ஹோவ், நான் வாயைத் திறக்குமுன்னே மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுவான்.

குளிர்காலம் தொடங்கும்போது முதலாளி எங்களுக்குப் புதுச் சப்பாத்து கொடுத்தார். கறுப்புத் தோல், முன்பக்கம் கூராக இருக்கும். என் அளவு இல்லை. ஒரு அளவு சின்னதுதான் மிச்சம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். செங்கல் சூளையில் அப்பாவோடு வெறுங்காலில் வளர்ந்தவன் நான். அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது பாங்க் மேனேஜர் மாதிரி இருந்தேன். போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் வலது பெருவிரலின் ஓரம் சிவந்து வீங்கியது. ஒரு நாள் மத்தியானம், கூடம் திறக்குமுன் என் கத்தியை எடுத்து நானே உட்கார்ந்தேன். அடுத்தவன் கால் எனக்கு எதிரே இருக்கும். கத்தி அவனை நோக்கிப் போகும். என் கால் என் பக்கம் திரும்பியிருந்தது, எல்லாம் தலைகீழ். இத்தனை வருஷம் பழகிய கை முட்டாள் கையாகிவிட்டது. குனிந்தால் வயிறு இடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையை வளைத்து ஆழமாக வெட்டி எடுத்தேன். வலி சட்டென்று போயிற்று. எனக்கு நானே கைதட்டாத குறை.

அடியில் முள் போல ஒரு துண்டு நின்றுவிட்டது. அதுதான் பிறகு வளர்ந்து சதையைக் குத்தியது. வேறு யாராவது இப்படி வெட்டிக்கொண்டு வந்திருந்தால், எந்தக் கழுதை இதைச் செய்தது என்று கேட்டிருப்பேன்.

அப்புறம் நொண்டல். முதலாளியிடம் முட்டிவலி என்றேன். ஹோவிடம் பனியில் வழுக்கிவிட்டது என்றேன். வீட்டில் உப்புப்போட்ட வெந்நீரில் காலை வைத்தேன். பூண்டை நசுக்கிக் கட்டினேன். பூண்டு கட்டி வந்தவர்களை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். தோல் வெந்ததுதான் மிச்சம்.

பத்தாம் நாள் வலி குறைந்தது. சந்தோஷமாக இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. காரணம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். போன வருஷம் ஆஸ்பத்திரி வண்டி தெருவுக்கு வந்தபோது விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை அதிகம், வந்து காட்டுங்கள் என்றார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனதால் அப்படிக் காட்டுகிறது என்று நானே டாக்டராகித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சர்க்கரை காலின் உணர்ச்சியைத் தின்றுவிடும், வலி குறைந்தால் புண் ஆறியது என்று அர்த்தமில்லை; அந்தக் காலில் சீழ் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. டோங் என்று ஒரு வாடிக்கையாளர் இருந்தார். முதலில் ஒரு விரல் போயிற்று, அப்புறம் பாதி பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே எல்லாம். மிச்சமிருந்த ஒரு காலோடு வந்து, இனிமேல் பாதி விலைதானே என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அடுத்த முக்காலியில் உட்காருகிறவள் லுவோ. ஷான்ஷி மலைக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் சேர்ந்த புதிதில், மலைக்காரிகளுக்கு உருளைக்கிழங்கு சீவத்தான் வரும் என்று எல்லோர் முன்னிலும் சொன்னவன் நான். நான் நூடுல்ஸ் சாப்பிட்ட மறுநாள் மத்தியானம் சப்பாத்தைக் கழற்றி மாற்றுகிற இடத்தில் அவள் மூக்கைச் சுளித்தாள். என் காலுறை முனை மஞ்சளும் சிவப்புமாக ஈரமாயிருந்தது.

“காலை வைங்க,” என்று தன் முழங்காலைத் தட்டினாள்.

ஒன்றுமில்லை, போம்மா என்றேன்.

“பியென் அண்ணே, வைக்கிறீங்களா, மொதலாளியக் கூப்பிடவா?”

வைத்தேன். தலைவிளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். கத்தி மூட்டையைப் பிரித்தாள், ஒன்றை எடுத்தாள், விரலை லேசாக அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்லம்மா.”

கத்தியைத் திரும்ப உறையில் சொருகிவிட்டாள். “சர்க்கரை இருக்கா?”

இந்தக் கேள்வியை நான் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லுமுன் கண் எங்கே ஓடும் என்றும் தெரியும். என் கண் அங்கேதான் ஓடியது. இல்லை என்றேன்.

“என்கிட்ட பொய் சொல்லுங்க, பரவால்ல. இந்த வெரல் பொய்யக் கேக்காது.” அப்புறம் மெதுவாக, “எவன் வெட்டுனான் இத?”

நான் என் வலது கையைப் பார்த்தேன்.

“கெழங்கு சீவுன மாதிரி இருக்கு,” என்றாள். அவள் சிரிக்கவேயில்லை; அதுதான் பயமுறுத்தியது. போன வருஷத்துச் சேதியை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். இதில் கத்தி வைக்க மாட்டேன், வைத்தால் நானும் உன்னைப் போல ஒரு கழுதை என்று அர்த்தம் வருகிற மாதிரி மரியாதையாகச் சொல்லிவிட்டு, கோட்டை எடுத்து என் தோளில் போட்டு, தானும் கூடக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர். சர்க்கரை அளவைப் பார்த்து இரண்டு தரம் தலையாட்டினார். எலும்புவரை போயிருக்கிறதா என்று படம் எடுக்கச் சொன்னார். அந்த முக்கால் மணி நேரம் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சக்கரநாற்காலியில் ஒருவர். கால்சட்டையின் ஒரு பக்கத்தை மடித்து ஊசி குத்தியிருந்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த பல் விளம்பரத்தையே படித்தேன்.

எலும்புக்குப் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். விரலை மரத்துப்போகச் செய்து நகத்தின் ஓரத்தை அடிவரை நீளமாக எடுத்தார். முள் துண்டை இடுக்கியில் தூக்கிக் காட்டினார். பிறகு பாடம் தொடங்கியது. நேராக வெட்டணும், மூலையைத் தோண்டக் கூடாது, இறுக்கமான செருப்பு கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்கணும். நான் முதல் தடவை கேட்கிறவன் போலத் தலையாட்டினேன். என்ன வேலை என்று கேட்டார்.

“நிலக்கரி ஏத்துறேன்,” என்றேன்.

லுவோ கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

நாலாம் நாள் கட்டோடு, முன்பக்கம் திறந்த செருப்பில் வேலைக்குப் போனேன். மறைக்க வழியில்லை. ஹோவ் தொட்டியிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்தான், என் விரலைப் பார்த்தான், நீட்டிய காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான். அவன் இடத்தில் நான் இருந்தால் ஓடியே போயிருப்பேன்.

நானே வெட்டிக்கொண்டதையும் சர்க்கரையையும் சொன்னேன். அவன் இந்தக் கதையை லாரி நிறுத்தும் இடமெல்லாம் கொண்டுபோவான் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஹோவ் சிரிக்கத் தொடங்கினான், பாதியில் நிறுத்தினான்.

“மாஸ்டர், அதுக்கு முன்னாடி தாகம் ரொம்ப எடுத்துச்சா?”

“எடுத்துச்சு. ஏன்?”

“ராத்திரி ஒண்ணுக்கு நாலு தடவ எந்திரிக்கிறேன். வயசாகுதுன்னு நெனச்சேன்.”

அவன் பாதத்தை முழங்காலில் ஏற்றி, ஒவ்வொரு விரலாக அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் வலித்தது, உணர்ச்சி போகவில்லை. அப்போதும் கத்தியை எடுக்கவில்லை. முதலில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வா, அப்புறம் வெட்டுகிறேன் என்றேன். முனகிக்கொண்டே காலுறையை மாட்டினான். வந்த வாடிக்கையாளனை நகம்கூட வெட்டாமல் அனுப்புகிறவனை முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று முறைத்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அந்த ஆள் என் கட்டைப் பார்த்துவிட்டு நேராக லுவோவிடம் போய் உட்கார்ந்தான்.