மிட்டாய் டப்பாவில் பன்னிரண்டு ஸ்க்ரூ

காலை எட்டு மணியிலிருந்து அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சவோ வட்டார ஐஸ் ஸ்கேட்டிங் போட்டி எங்கள் அரங்கில் நடந்தால், சங்கத்தில் பிள்ளையைச் சேர்த்த எந்தப் பெற்றோரும் சும்மா இருக்க முடியாது. ஒருத்தர் ஏலக்காய் பன் விற்க வேண்டும், ஒருத்தர் குட்டிகளை மேய்க்க வேண்டும். எனக்குப் பாட்டு. மூன்று வருஷம் முன்னால் ஒரு மகானுபாவர் ஏழு வயசுக் குழந்தைக்கு வேறு யாருடைய பாட்டையோ போட்டு, அது ஐஸ் நடுவில் நின்று ஓவென்று அழுதது. அன்றைக்கே என்னைக் காட்டி, "மர்யுத்தை உக்கார வைங்க, அவகிட்ட தப்பே நடக்காது" என்று சொல்லிவிட்டார்கள். நானும் அதை நம்பிவிட்டேன்.

பக்கத்தில் மைக்கோடு தௌனோ. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பிள்ளைகளின் பெயரை அடுத்த நிறுத்தம் எது என்று அறிவிப்பது போலவே அறிவிப்பார்.

காலையில் குட்டிகள். தேனீ, தவளை, லேடிபேர்ட் வண்டு என்று வேஷம். அவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுவார்கள். அப்புறம் பத்து வயசுக்காரிகள். அவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருப்பார்கள். மத்தியானம் பதின்மூன்று வயசுப் பிரிவு. அதில் என் மகள் சைமி. முதல் ஆறு பேருக்குள் வந்தால் நாட்டளவிலான இறுதிப் போட்டி.

போன வருஷம் இதே ஐஸில், இதே லுட்ஸ் என்கிற சுழல் குதியில், இறங்கும்போது கால் வழுக்கி சைமி பின்மண்டையில் அடிபட்டாள். நாலு நிமிஷம் கண் திறக்கவில்லை. அந்த நாலு நிமிஷத்தை நான் இன்னும் முழுசாகக் கடந்து வரவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"என்னம்மா, இன்னும் கோட்டைக்கூடக் கழட்டல?" என்றார் தௌனோ.

"குளிர்."

"ஹீட்டர் முட்டியிலே இடிக்குது, குளிராம்!"

"உங்க வேலையைப் பாருங்க."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்கே தெரியும். போன வாரம் சைமிக்குப் புது பிளேடு வந்தபோதும் அந்த வாய்தான் முன்னால் போனது. வழக்கமாக ஷூவில் பிளேடு பொருத்துகிற ஆள் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான், பத்து நாள் ஆகும் என்றான். "பத்து நாளா? ஸ்க்ரூதானே, என்ன ராக்கெட்டா? நானே போடறேன்" என்றேன். பயிற்சியாளர் தெர்ஹி ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

புது பிளேடை ஒரேயடியாக முடுக்கிவிட மாட்டார்கள். ஒரு ஷூவுக்குப் பத்து ஓட்டை. முதலில் நாலே நாலு ஸ்க்ரூ. பிள்ளை ரெண்டு மூணு நாள் ஓடிப் பார்த்து, கால் உள்ளே சாய்கிறது, வெளியே சாய்கிறது என்று சொன்னால் நகர்த்திக்கொள்ளலாம். சரியாக அமைந்ததும் மிச்சம் ஆறையும் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை நாலு நாலாகப் போட்டேன். வியாழக்கிழமை சைமி, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு போட்டிக்கான பாட்டுப் பட்டியலை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தொன்பது பாட்டு. ஒன்றுகூடத் தப்பில்லை.

சைமியின் குழு ஆறு நிமிஷம் கால் சூடாக்கிவிட்டு வெளியேறியது. குழுவில் முதல் ஆள் அவள்தான், அதனால் ஐஸிலேயே நின்றாள். தௌனோ அவள் பெயரைச் சொன்னார். அவள் நடுவில் போய், கையை மடக்கி, அசையாமல் நின்றாள். நான் பட்டனை அழுத்தினேன். வயலின் ஆரம்பித்தது.

வாய் உலர்ந்து போயிருந்தது. கோட்டுப் பையில் கைவிட்டேன். எப்போதும் ஒரு சல்மியாக்கி டப்பா இருக்கும், கறுப்பு உப்பு மிட்டாய். "உங்களுக்கு?" என்று தௌனோவின் உள்ளங்கையில் தட்டினேன்.

மூன்று ஸ்க்ரூ விழுந்தது.

"இதை எப்படிம்மா சப்பறது?" என்றார்.

நான் டப்பாவைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி, தொலைந்துவிடக் கூடாதே என்று, மிச்ச ஸ்க்ரூவைக் காலி மிட்டாய் டப்பாவில் பத்திரமாகப் போட்டது நான்தான். குலுக்கினேன். உள்ளே மிச்சம் ஒன்பது.

கீழே சைமி பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தாள். முதல் குதி சின்னது. எழும்பினாள், இறங்கினாள். இறங்கியபோது வலது கால் ஒரு விநாடி வெளியே விலகி, திரும்ப உள்ளே வந்தது. என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு. நாலு ஸ்க்ரூ, நாலு நாள் குதி. அதில் எத்தனை இப்போது ஷூவின் அடியைப் பிடித்திருக்கிறதோ!

"சைமி!" என்று கத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அரங்கு முழுக்க வயலின். ஐஸுக்குள் நுழையும் கேட்டுக்குப் போக வேண்டுமானால் படி இறங்கி அரை வட்டம் சுற்ற வேண்டும். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். மத்தளம் மூன்று அடி அடிக்கும், மூன்றாவது அடியில் லுட்ஸ். அதற்கு இன்னும் பத்து விநாடி. அவள் மூலையை நோக்கி நீளமாக வளைந்து போக ஆரம்பித்துவிட்டாள்.

மத்தளம் ஒன்று.

கடவுளே, நின்றுவிடு, குதிக்காதே.

மத்தளம் ரெண்டு. நான் பாட்டை நிறுத்தினேன்.

எண்ணூறு பேர் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. சைமி குதிக்கவில்லை. வேகம் தணிந்து, சுவரைப் பிடித்து நின்று, மேலே என் அறையைப் பார்த்தாள்.

போன் அடித்தது. நடுவர் அம்மா. "மெஷின்ல கோளாறா? அப்படின்னா பரவாயில்ல, புள்ளி குறைக்க மாட்டோம். விட்ட இடத்திலேர்ந்து இப்பவே போடுங்க."

தௌனோ மெதுவாகத் தலையாட்டினார். "மெஷின்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் பாக்கல."

சொல்லியிருக்கலாம். ஆனால் மெஷின் என்றால் உடனே போட வேண்டும்; உடனே போட்டால் அவள் உடனே குதிப்பாள்.

"மெஷின் இல்லீங்க, நான்தான் நிறுத்தினேன். அவ பிளேடு கழண்டுட்டு இருக்கு. போட்டது நான். பாதிதான் போட்டிருக்கேன்."

நடுவர் அம்மா, "மூணு நிமிஷம். புள்ளி வெட்டு உண்டு," என்றார். அந்த வெட்டோடு முதல் ஆறு பேரில் இடம் போய்விட்டது, எனக்கும் தெரியும்.

படிகளை எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. கேட்டருகே பெஞ்சில் சைமி வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தெர்ஹி ஷூவின் அடியைப் பிடித்து விரலால் பிளேடைத் தள்ளினாள். அது நகர்ந்தது. முன்பக்கம் ரெண்டு ஸ்க்ரூ பாதி வெளியே வந்திருந்தன. மண்டி போட்டேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள், உண்மையில் விழுந்தேன்.

தெர்ஹி பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். ஓட்டையெல்லாம் முன்னமே போட்டு வைத்திருந்தேன், அவ்வளவு கெட்டிக்காரி நான். மிட்டாய் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு கீழே விழுந்தன.

"இது ஆடறது உனக்குத் தெரியலயாடி?" என்றேன்.

சைமி ஷூவையே பார்த்தாள். "தெரிஞ்சுது."

"எப்போ?"

"நேத்தே. இப்ப கால் சூடாக்கறப்ப இன்னும் ஜாஸ்தியா."

"நேத்தேவா! அப்ப ஏன் சொல்லல? தெர்ஹிகிட்டயாவது சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீதானே போட்டே. சொன்னா எல்லார் முன்னாடியும் கத்துவே." குரல் சின்னதாக இருந்தது. "இப்பவும் கத்தறே."

நான் வாயை மூடிக்கொண்டேன். தெர்ஹி நாலாவது ஸ்க்ரூவை முடுக்கினாள்.

"விழுந்திருந்தா என்னடி ஆகியிருக்கும்?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"போன வருஷம் விழுந்தப்ப நீ கத்தவே இல்லம்மா. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தே."

அவள் அதைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, எது தேவலை என்று முடிவெடுத்த பிள்ளையின் குரல். ஐயோ, என் வயிற்றில் பிறந்தது ரெண்டு பயத்தையும் எடை போட்டிருக்கிறது. மண்டை உடைவது அதற்கு லேசாகப் பட்டிருக்கிறது.

"வலதுல ஆறும் ஆச்சு. இடது ஆடல, தாங்கும்," என்றாள் தெர்ஹி. "சைமி, லுட்ஸ் வேண்டாம்னா விட்டுடு."

"போடறேன்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ மேல போ. பாட்டு யார் போடுவா?"

போனேன். தௌனோ என் நாற்காலியை இழுத்து வைத்திருந்தார். வாழ்க்கையில் நான் பயந்த எல்லா நேரத்தையும் சேர்த்தாலும் அந்தப் பட்டன்மேல் விரல் வைத்த நேரத்துக்கு ஈடாகாது. சைமி மூலையில் நின்றாள், அசையவில்லை. அழுத்தினேன். விட்ட இடத்திலிருந்து வந்தது, கொஞ்சம் முன்னாலிருந்து. மத்தளம் ஒன்று, ரெண்டு, மூன்று.

எழும்பினாள். ரெண்டு சுற்றில் ஒன்றேமுக்கால்தான் சுற்றினாள், மிச்சம் வரவில்லை. இடுப்பில் விழுந்து சறுக்கிக்கொண்டே போய்ச் சுவரில் இடித்தாள். பிளேடு அப்படியே இருந்தது.

எழுந்தாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அவள் ஓடவில்லை. உடையில் ஒட்டிய ஐஸோடு நின்று மேலே பார்த்தாள்.

"உங்களத்தான் பாக்குறா," என்றார் தௌனோ.

என் வாயில் நூறு வார்த்தை வந்து நின்றது. ஒன்றையும் வெளியே விடாமல் எழுந்து, கண்ணாடியை ஒட்டி நின்று, கை தட்டினேன். அங்கே கேட்காது என்பதால் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினேன். அவள் கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்துவிட்டு, அடுத்த குதிக்காகத் திரும்பினாள்.